பிள்ளைக்குக் காது ஒழுகுகிறதா?

தாப்பாவில் பஸ் ஏறி ரிங்லெட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சாலை வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. பாதி வழி வருவதற்குள் இரண்டு காதும் ‘கும்’மென்று அடைத்துக்கொள்கின்றன. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எச்சிலை விழுங்கினாலோ ஒரு கொட்டாவி விட்டாலோ ‘பட்’டென்று காது திறந்துகொள்ளும். தாப்பாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். ஆனால் உயரமோ ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. காதுக்குள் இருக்கும் காற்று சமநிலை தேடி வெளியேறுகிறது. அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்கும் ‘பட்’.

அது வெளியேறும் வழி எது தெரியுமா? மூக்கின் பின்புறத்துக்கும் நடுக்காதுக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய இத்தாலிய மருத்துவரின் பெயரால் அதை யூஸ்டேக்கியன் குழாய் என்கிறார்கள். நாம் விழுங்கும்போதெல்லாம் அது ஒரு கணம் திறந்து மூடும். சளி பிடித்திருக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கிய தாய்மார்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும். சளியினால் குழாய் வீங்கி அடைபட்டிருக்கும். கீழே இறங்க இறங்கக் கூடும் காற்றழுத்தம் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். வலிக்காமல் என்ன செய்யும்?

இந்தக் குழாயைப் புரிந்துகொண்டால், நம் தோட்டத்து லயங்களில் பல காலமாகச் ‘சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதானே’ என்று தள்ளிவிடப்படும் ஒரு நோயையும் புரிந்துகொள்ளலாம். அதுதான் காது ஒழுகல். அது தானாகப் போய்விடும் என்று காத்திருந்த பிள்ளைகளில் பலர் படிப்பை இழந்திருக்கிறார்கள்; சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள். அதைப் பற்றி உலகெங்கும் மருத்துவர்கள் செய்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, நம் வீட்டில் நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று பார்ப்போம்.

வலி நின்றது நோய் நின்றதாகாது

பெரியவர்களின் காதுக் குழாய் சரிவாக இறங்குகிறது. குழந்தைகளுக்கோ அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வாட்டில் இருக்கிறது. மூக்கில் உள்ள சளியும் கிருமியும் காதுக்குள் போவதற்கு இதைவிட வசதியான பாதை வேண்டாம். ரிங்லெட் போன்ற குளிர்ப் பிரதேசத்தில், பனியிலும் மழையிலும் நெருக்கமாக வாழும் வீடுகளில், ஒரு பிள்ளைக்குச் சளி வந்தால் நாலு பிள்ளைக்கு வருகிறது. சளி காதுக்குள் இறங்கிச் சீழாக மாறுகிறது. அந்தச் சீழ் செவிப்பறையை உள்ளிருந்து தள்ளுகிறது. பிள்ளை இரவெல்லாம் அழுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சள் கறை. பிள்ளையோ அயர்ந்து தூங்குகிறது.

‘அப்பாடா, உடைந்து வெளியே வந்துவிட்டது, இனி சரியாகிவிடும்’ என்று வீட்டில் பெருமூச்சு விடுகிறோம். உடைந்தது என்னவென்று நினைத்தீர்கள்? செவிப்பறைதான். சுண்டுவிரல் நகம் அளவே உள்ள அந்த மெல்லிய தோலில் ஓட்டை விழுந்து, சீழ் வெளியேறியதால்தான் வலி நின்றது. நல்ல வேளையாக, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிக்கொள்கிறது. மூடாத பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. சளி பிடிக்கும்போதெல்லாம், குளிக்கும்போதெல்லாம் காது மறுபடியும் ஒழுகும். வலி இருக்காது. வலி இல்லாததனாலேயே யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு காது ஒழுகிக்கொண்டே இருந்தால் அதை நாள்பட்ட காதுச் சீழ் நோய் என்று கருதவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அந்த நிறுவனம் 2004இல் இந்நோய் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 6 கோடியே 50 லட்சத்திலிருந்து 33 கோடிப் பேர் வரை காது ஒழுகலோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் 100க்கு 60 பேருக்குக் காது கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது என்றும் அது மதிப்பிட்டது. 100 பேரில் 4 பேருக்கு மேல் இந்நோய் இருக்கும் நாடுகளை முதல் வரிசையில் வைத்தது. அதில் இந்தியாவும், ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகளும் இருக்கிறார்கள். 2 முதல் 4 வரை உள்ள அடுத்த வரிசையில் நம் மலேசியா இருக்கிறது. மருத்துவ வசதியில் நாம் எவ்வளவோ முன்னேறியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டாவது வரிசை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நம் நாட்டில் இதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. கிளந்தானில் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் இளங்கோவும் அவருடைய சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளின் காதுகளைச் சோதித்து, 1991இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். கடல் கடந்து தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ரூபாவும் அவருடைய சகாக்களும் கிராமத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1999இல் எழுதினார்கள். 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 6 பேருக்கு நாள்பட்ட காது ஒழுகல் இருந்தது! 50 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம் என்றால் 3 பிள்ளைகள். வேலூர் மருத்துவர்கள் காதுக்குள் எட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. காது ஒழுகினால் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்றும் விசாரித்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

எண்ணெயும் இறகும்

நாம் என்ன செய்கிறோம்? நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடுகிறோம். சிலர் தாய்ப்பால் பீய்ச்சுகிறார்கள். சிலர் இலைச்சாறு பிழிகிறார்கள். கோழி இறகு, கொண்டை ஊசி, தீக்குச்சி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு காதைக் குடைகிறோம். பாட்டிமார்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. டாக்டரைப் பார்க்க மலை இறங்கவேண்டியிருந்த காலத்தில், நடுச்சாமத்தில் அலறும் பிள்ளைக்கு அவர்கள் தெரிந்ததைச் செய்தார்கள். செவிப்பறை முழுதாக இருக்கும் காதில், குறும்பி இறுகிப் போயிருந்தால், வெதுவெதுப்பான எண்ணெய் அதை இளக்கவும் கூடும்.

ஆனால் ஒழுகும் காது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டை வழியாக எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். அங்கே போனதை வெளியே எடுக்க முடியாது. காய்ச்சிய எண்ணெய் சூடாக இருந்தால் சுட்டுவிடும். ஆறிய எண்ணெயோ அழுக்கையும் கிருமியையும் உள்ளே கொண்டுபோகும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த இருட்டான இடத்தில் காளானும் பிடிக்கும். இந்த மலைக் காற்றில் அலமாரித் துணியே பூஞ்சணம் பூக்கிறது, காதைக் கேட்கவேண்டுமா? இறகும் ஊசியும் இன்னும் மோசம். ஓட்டைக்கு அந்தப் பக்கம் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒலியை உள்காதுக்குக் கொண்டு செல்பவை அவைதாம். ஒரு குடைச்சலில் அந்தச் சங்கிலி அறுந்துபோகலாம்.

கென்யாவில் 524 பிள்ளைகள்

சரி, பஞ்சால் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். பல நாடுகளில் மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். மருந்து வாங்க வசதியில்லாத இடங்களில், காதைத் துணித்திரியால் உலர்த்தினாலே காலப்போக்கில் ஆறிவிடும் என்று கையேடுகளில் எழுதி வைத்தார்கள். அது உண்மைதானா என்று முறையாகச் சோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் கியாம்பு என்ற மாவட்டத்தில் அந்தச் சோதனை நடந்தது. (தேயிலை விளையும் மலைநாடுதான் அதுவும்.) காது ஒழுகும் 524 பள்ளிப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். எந்தப் பள்ளி எந்தக் கூட்டத்தில் சேரும் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்தார்கள். இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளை எல்லாம் ஒரே பக்கம் சேர்த்துவிட்டு, மருந்து வேலை செய்தது என்று மார்தட்டிக்கொள்ள வழி ஏற்பட்டுவிடும் அல்லவா? ஒரு கூட்டத்துக்குக் காதைத் துடைத்து உலர்த்துவதோடு காதுச் சொட்டும் வாய்வழி மருந்தும் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறுமனே உலர்த்தல் மட்டும். மூன்றாவது கூட்டத்துக்கு அந்தச் சமயத்தில் ஒன்றும் செய்யவில்லை.

16 வாரம் கழித்துப் பார்த்தபோது, மருந்தும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளில் 100க்கு 51 பேருக்கு ஒழுகல் நின்றிருந்தது. வெறுமனே துடைக்கப்பட்ட பிள்ளைகளில் 22 பேருக்கு. ஒன்றுமே செய்யாத பிள்ளைகளிலும் அதே 22 பேருக்கு! 1996இல் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழ் இந்த முடிவை வெளியிட்டது. துடைப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. சீழ் நிறைந்த காதில் மருந்தை ஊற்றினால் அது சீழின் மேலேயே மிதக்கும். துடைத்தால்தான் மருந்து புண்ணைத் தொடும். துடைப்பது மருந்துக்கு வழிவிடும் வேலை. வழியை மட்டும் திறந்து வைத்துவிட்டு மருந்தை அனுப்பாமலிருந்தால் என்ன பயன்?

அதே ஆராய்ச்சியில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதை நம் பெற்றோர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். செவிப்பறையின் ஓட்டை மூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்தால், மருந்து பெற்றவர்களில் 100க்கு 15 பேர்; மற்ற இரு கூட்டத்திலும் 13 பேர். ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, மருந்து சீழை நிறுத்தும், ஓட்டையை அடைக்காது. சீழ் நின்றுவிட்டதே என்று அத்தோடு கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எந்த மருந்து நல்லது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அதே கென்யாவில் 427 பிள்ளைகளுக்கு, ஒரு பாதிக்குப் பழைய கால போரிக் அமிலச் சொட்டும், மறு பாதிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லிச் சொட்டும் கொடுத்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில், இரண்டு வாரத்தில் புதிய சொட்டு பெற்றவர்களில் 100க்கு 59 பேருக்கு ஒழுகல் நின்றது. போரிக் அமிலம் பெற்றவர்களில் 32 பேருக்குத்தான். ஆஸ்திரேலியாவில் ஆதிகுடிப் பிள்ளைகள் 111 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான சோதனையிலும் சிப்ரோஃப்ளாக்சசின் 100க்கு 76 பேருக்குப் பலன் கொடுத்தது. அதுவரை அங்கே வழக்கத்திலிருந்த கலவைச் சொட்டு 52 பேருக்கு மட்டும். வெள்ளைக்காரர்களின் நகரங்களைவிட ஒதுக்குப்புற ஆதிகுடிக் குடியிருப்புகளில்தான் இந்நோய் மிகுதி. ஆகவே அந்தச் சோதனையை நடத்தியதும் ஆதிகுடிகள் தாமே நிர்வகிக்கும் சுகாதார நிலையங்கள்தாம் என்பது நமக்கெல்லாம் கவனிக்கத்தக்க செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை உண்டு. ஓட்டை விழுந்த காதில் அவற்றை நீண்ட நாள் விட்டால், உள்காதின் நரம்புப் பகுதியே கெட்டுப்போகக் கூடும். அந்தக் கேடு திரும்பி வராத கேடு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது மிச்சம் இருக்கிறதே என்று வாங்கி ஊற்றுவதும், டவுனுக்குப் போகிறவரிடம் ‘ஏதாவது காது மருந்து வாங்கி வாங்க அண்ணே’ என்று சொல்லி அனுப்புவதும் நம்மிடையே உள்ள பழக்கங்கள். மருந்துப் புட்டியின் பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று விளக்கு வைத்துப் பார்த்தவர் எழுதிக் கொடுத்த மருந்தைத்தான் விடவேண்டும்.

நாற்றம் அடிக்கும் காது

ஒழுகும் காதுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சளி பிடிக்கும்போது ஏராளமாக, கோழை கோழையாக ஒழுகும். பெரிய நாற்றம் இராது. இது காதைக் கெடுக்குமே தவிர, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மற்றொன்று, கொஞ்சமாகத்தான் கசியும். ஆனால் சகிக்க முடியாத நாற்றம். சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுப்பார்கள். இதில் வெளித்தோல் நடுக்காதுக்குள் தவறான இடத்தில் வளர்ந்து, உருண்டையாகத் திரண்டு, சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. காதின் கூரைக்கு மேலே மூளை இருக்கிறது. இடையே இருப்பது முட்டை ஓடு போன்ற மெல்லிய எலும்பு. முகத்தை அசைக்கும் நரம்பும் இதன் வழியாகத்தான் போகிறது. இந்த வகைக்குச் சொட்டு மருந்து போதாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

இதில் ஒரு விசித்திரமான கதை உண்டு. அயர்லாந்தில் டப்ளின் நகரில் வில்லியம் வைல்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். காது நோய்களைப் பற்றி 1853இல் ஒரு பெரிய நூலே எழுதினார். காதுக்குப் பின்னால் சீழ் கட்டினால் கீறிவிடும் முறை அவர் பெயராலேயே வழங்கியது. ஒழுகும் காதை அலட்சியம் செய்யக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். அவருடைய மகன்தான் ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்ட். அந்த மகன் 1900இல் பாரிஸ் நகரில் 46 வயதில் இறந்தார். நாள்பட்ட காது நோய் மூளையுறைக்குப் பரவியதே காரணம் என்று மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். காது மருத்துவரின் வீட்டிலேயே இப்படி! அன்று கிருமிக்கொல்லி மருந்து கிடையாது. இன்று இருக்கிறது.

ஆகவே, காது ஒழுகும் பிள்ளைக்கு விடாத தலைவலி, வாந்தி, கடுங்காய்ச்சல், மயக்கம் போன்ற சோர்வு, தலைச்சுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்து லாரியோ அண்டை வீட்டார் காரோ, கிடைத்ததில் ஏற்றித் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோகவேண்டும்.

‘மந்தம்’ என்ற பட்டம்

உயிருக்கு ஆபத்தில்லாத வகை என்று மேலே சொன்னேனே, அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை உள்ள பிள்ளைக்கு முழுச் செவிடு இல்லை. உரக்கக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். தொலைக்காட்சி கேட்கும் (சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு). ஆனால் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லும் சொல் விழாது. ‘பல்’லா ‘பால்’லா, ‘தலை’யா ‘தழை’யா என்று தெரியாது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் படிக்கவேண்டும். காதில் சரியாக விழாத பிள்ளைக்கு மூன்று மொழியும் மூட்டமாகத்தான் இருக்கும். சொல்வதெழுதுதலில் பிழை, கேட்ட கேள்விக்கு வேறு பதில். ஆசிரியர் கவனமில்லை என்கிறார். வீட்டில் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று அடி. கடைசியில் ‘மந்தம்’ என்ற பட்டத்தோடு பின்வரிசையில் உட்கார வைக்கிறோம். கேட்காத பிள்ளையைக் கேட்காத இடத்திலேயே உட்கார வைக்கும் கொடுமையை நாம் அறியாமலே செய்கிறோம்.

காது ஒழுகாமலே இப்படி ஆவதும் உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, உடையாமலும் வடியாமலும் பிசின் போல் தங்கிவிடும். மூக்கின் பின்னால் உள்ள சதை வளர்ந்து குழாயை அடைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது சகஜம். வாயைத் திறந்தபடி தூங்குவது, குறட்டை விடுவது, எப்போதும் மூக்கு ஒழுகுவது இவைதாம் அடையாளம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். உதட்டைப் பார்த்து ஊகிக்காமல் இருப்பதற்காகத்தான் பின்னால். ஒரு பக்கக் காதின் முன்மடலை விரலால் அழுத்தி மெதுவாகத் தேய்த்துக்கொண்டே, ரகசியக் குரலில் ‘பால்’, ‘கிளி’, ‘ஏழு’ என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மறு காதுக்கும் அப்படியே. பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னால் கிளினிக்கில் காட்டவேண்டிய காது அது.

ஓட்டையை ஒட்டலாம்

1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரு மருத்துவர்கள், உருப்பெருக்கிக் கருவியின் உதவியோடு செவிப்பறையைப் புதுப்பிக்கும் சிகிச்சையை வகுத்தார்கள். அதற்கு முன் காது அறுவை என்றாலே சீழ் எலும்பைச் சுரண்டி எடுப்பதுதான். உயிர் பிழைத்தால் போதும், கேட்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையில் ஒரு சிறு துண்டை எடுத்து ஓட்டையின் மேல் ஒட்டுகிறார்கள். நோயாளியின் சொந்தத் திசு என்பதால் உடம்பு அதைத் தள்ளுவதில்லை. மயக்கம் கொடுத்துச் செய்வதால் வலி தெரியாது. பெரும்பாலோருக்கு ஓட்டை மூடிக்கொள்கிறது. மிகச் சிறு பிள்ளைகளுக்குச் சளித் தொல்லை அடிக்கடி வருமாதலால், ஏழெட்டு வயது ஆகட்டும் என்று மருத்துவர் தள்ளி வைப்பதுண்டு. அதைக் கேட்டு, ‘டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’ என்று வந்துவிடக்கூடாது. வேண்டாம் என்றல்ல, இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார். அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நம் பக்கத்துக்குக் காது, மூக்கு, தொண்டை நிபுணர்கள் உள்ள பெரிய அரசாங்க மருத்துவமனை ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே காட்டி, நிபுணருக்குக் கடிதம் வாங்கிப் போவதுதான் முறை. ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை உண்மையான கவலைதான். அதற்காகவே, போகும்போது எப்போது ஒழுக ஆரம்பித்தது, எந்தக் காது, என்ன மருந்து விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பழைய மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோனால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயது வந்த ஒருவருக்குச் சளி எதுவும் இல்லாமல் ஒரே ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, எச்சிலில் இரத்தம் கலந்தாலோ மூக்கின் பின்புறத்தை நிபுணர் பார்த்தாகவேண்டும். அந்தக் குழாயின் வாய்க்கு அருகில் தோன்றும் ஒரு புற்றுநோய் நம் நாட்டில் சீனர்களிடமும், சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் மிகுதி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிரசாத் 1970களிலிருந்து அதை ஆராய்ந்தவர். இந்தியர்களுக்கு அது குறைவு, வராது என்றில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரச் சீன நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று இரைச்சல். கொழுந்து வெட்டும் மோட்டார், புல் வெட்டும் இயந்திரம், தொழிற்சாலையின் உருளைகள் இவற்றோடு வேலை செய்கிறவர்களின் காதுக்கு நாட்டில் சட்டமே இருக்கிறது. 2019இன் ஒழுங்குமுறைப்படி, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. 3 டெசிபல் கூடினால் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் இரைச்சல் மிகுதி என்று அறிந்துகொள்ளலாம். காதுக்கவசம் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை. இரைச்சலால் போன காதுக்கு ஒட்டுப்போடும் சிகிச்சை கிடையாது.

வீட்டில் செய்யவேண்டியது

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெல்லிய டிஷ்யூ தாளையோ சுத்தமான பருத்தித் துணியையோ திரியாக முறுக்கி, காதுக்குள் மெதுவாக நுழைத்து, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். சில நொடி விட்டு எடுத்தால் சீழை அது உறிஞ்சியிருக்கும். திரி உலர்ந்து வரும்வரை புதிது புதிதாக மாற்றுங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சு வேண்டாம். மருந்துப் புட்டியைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டால் குளிர்ச்சி போய்விடும். குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டு விட்டபின், காதின் முன்மடலை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். ஒழுகல் இரண்டு நாளில் நின்றுவிட்டாலும், சொன்ன நாள் வரை விடவேண்டும்.

குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளலாம். குளித்ததும் எடுத்துவிட வேண்டும். ஆற்றில் குதித்து விளையாடுவது காது ஆறும்வரை கூடாது. கைக்குழந்தைக்குப் படுத்த வாக்கில் பால் புட்டி கொடுக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காது நோய் குறைவு. வீட்டுக்குள் சிகரெட் புகையும் விறகுப் புகையும் குழந்தையின் மூக்கையும் காதுக் குழாயையும் வீங்க வைக்கும். நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2020 டிசம்பரிலிருந்து நம் நாட்டின் குழந்தைகளுக்கான ஊசிப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. காதுச் சீழுக்குக் காரணமான கிருமிகளில் அதுவும் ஒன்று. 4, 6, 15 மாதங்களில் அந்த ஊசியைத் தவறவிட வேண்டாம்.

அறுவைக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் வகுப்பு ஆசிரியரை ஒருமுறை நேரில் பார்த்து, எந்தக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். முன்வரிசை வேண்டும் என்று கேளுங்கள். இடது காது மந்தமான பிள்ளைக்கு வகுப்பின் இடது சுவரோரம் நல்லது. வலது காது மந்தமென்றால் வலது ஓரம். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்.